பண்டிகை முன்னால் வந்தால் கடன், பின்னால் வந்தால் சேமிப்பு
மாதர் சங்கங்களுக்கு ஒரு நாற்பத்தெட்டு வாரக் கணக்கு

பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். நோன்புப் பெருநாளானாலும் தீபாவளியானாலும் சித்திரைப் புத்தாண்டானாலும் காட்சி ஒன்றுதான். புடவைக் கடையில் நிற்க இடமில்லை. பலசரக்குக் கடையில் சீனியும் கோதுமை மாவும் எண்ணெயும் நிறுத்துக் கொடுக்கக் கைகள் போதவில்லை. வர்த்தகர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான நாள் வேறில்லை.

ஆனால், பண்டிகை முடிந்து பத்து நாட்களின் பின்னர் அதே கடைக்குச் சென்று, முதலாளியின் மேசையில் இருக்கும் கடன் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அன்று நெரிசலில் நின்றவர்களில் பலருடைய பெயர் அதில் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்வோருக்குக் கொடுக்கப்பட்ட பண்டிகை முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிபடத் தொடங்கியிருக்கும். வாராந்தத் தவணை வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தமும் லயத்தடியில் கேட்கும். ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஒரு வருடக் கடன் என்பது மலையகக் குடும்பங்களில் வழமையாகிப்போன விடயம். கடனை வாங்குவதும், அதை அடைப்பதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சீவிப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

எனவே, கிராமங்களிலும் தோட்டங்களிலும் இயங்கும் மாதர் சங்கங்கள் பண்டிகைக் காலத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை எது என்று கேட்டால், இனிப்புப் பொதி பகிர்வதோ கலை நிகழ்ச்சி நடத்துவதோ அல்ல என்றே கூறுவோம். அவையும் நல்லவைதான். ஆனால் பண்டிகைக்குக் கடன் வாங்கத் தேவையில்லாத ஒரு நிலையை உண்டாக்குவதுதான் உண்மையான சேவை. அது எப்படிச் சாத்தியமாகும் என்பதை இவ்வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வருமானம் ஒரு பக்கம், பண்டிகை ஒரு பக்கம்

இலங்கையின் ஏழு தேயிலைப் பிராந்தியங்களில் உடப்புசல்லாவையும் ஒன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று இங்கு மழையையும் பனிமூட்டத்தையும் கொண்டுவரும். பின்னர் குளிரும் வரட்சியும் வரும். மழையும் வெயிலும் மாறும்போது கொழுந்தும் கூடும், குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாட்களும் குறையும். நிறை போதாத நாளில் அரைப்பேர்தான் விழும். தோட்ட வருமானத்தை நம்பியே கடைத்தெருவும் இருப்பதால், நகரத்தில் சிறுவியாபாரம் செய்யும் நமது குடும்பங்களின் வருமானமும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

ஆனால் பண்டிகை கொழுந்தைப் பார்த்து வருவதில்லை. அது தன் நாளில் வந்தே தீரும். இதில் ஒரு நன்மையும் உண்டு. நோயும் மரணமும் சொல்லாமல் வருகின்றன. பண்டிகையோ ஒரு வருடத்துக்கு முன்பே நாள் சொல்லிவிட்டு வருகிறது. பிறை தீர்மானிப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். வருவது தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவதில் நியாயமில்லை.

கடனின் உண்மையான விலை

ஓர் உதாரணம். ஒரு சகோதரி பெருநாளுக்காக 10,000 ரூபா கடன் வாங்குகிறார். வாரம் 250 ரூபா வீதம் 48 வாரங்கள் கட்ட வேண்டும். மொத்தம் 12,000 ரூபா. கொடுத்தவர் "வட்டி இருபது வீதம்தான்" என்பார். அது முழு உண்மையல்ல. பத்தாயிரமும் வருடம் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார். சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 5,000 ரூபாதான் அவரிடம் இருந்திருக்கும். அந்த 5,000 ரூபாவுக்கு அவர் செலுத்தியது 2,000 ரூபா. ஆகவே உண்மையான வருட வட்டி 40 வீதத்தையும் தாண்டிவிடுகிறது.

இப்போது அதே 250 ரூபாவை, அதே 48 வாரங்களுக்கு, இன்னொரு சகோதரி சங்கத்தில் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் அவர் கையில் 12,000 ரூபா இருக்கும். இருவரும் கொடுத்தது ஒரே தொகை. இருவரும் பட்ட கஷ்டமும் ஒன்று. ஒருவர் பத்தாயிரத்துக்குப் பண்டிகை கொண்டாடினார், மற்றவர் பன்னிரண்டாயிரத்துக்குக் கொண்டாடுகிறார். பண்டிகை அந்த 48 வாரங்களுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பது மட்டுமே வித்தியாசம். வட்டியை ஹராம் என்று ஒதுக்க விரும்பும் குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

வாரம் 250 ரூபா சேமிக்க முடியுமா என்று கேட்கலாம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் 250 ரூபா என்பது வாரத்தில் ஒரே ஒரு நாள் சம்பளத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எளிதென்று சொல்லமாட்டோம். ஆனால் கடன்காரருக்கு வாரம் தவறாமல் கட்டி முடிக்கின்ற நமது பெண்களுக்கு இது முடியாத காரியமல்ல. பழைய கடன் இருப்பவர்கள் முதல் வருடம் 50 ரூபாவுடன் தொடங்கட்டும். கடன் அடைய அடையத் தொகையைக் கூட்டலாம்.

நுண்கடன் என்ற எண்ணம் தொடக்கத்தில் நல்ல நோக்கத்தோடுதான் பிறந்தது. 1976 இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் 42 பேருக்குத் தனது பையிலிருந்து 27 டொலர் கொடுத்ததில் தொடங்கி, கிராமீன் வங்கியாக வளர்ந்து, 2006 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் பெற்றது. அந்த வாராந்த முறையைப் பார்த்துப் பல நிறுவனங்கள் இலங்கையிலும் முளைத்தன. விளைவு என்ன? 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களில் தவணை தவறியவற்றை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. பெண்கள் குழுவாகச் சேர்வதில் தவறில்லை. குழு யாருடைய பணத்தில் சுழல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சீட்டு போதாதா?

"எங்களிடம் சீட்டு இருக்கிறதே" என்று பலர் சொல்லக்கூடும். உண்மைதான். சீட்டுப் பிடிப்பது நமது நாட்டில் மிகப் பழைய பழக்கம். 1935 இலேயே அதற்கெனத் தனியான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கழிவில்லாத குலுக்கல் சீட்டு நல்ல சேமிப்புத்தான். ஆனால் பண்டிகைத் தேவைக்கு அது முழுமையாகப் பொருந்தாது.

பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதச் சீட்டுப் பிடித்தால், பெருநாள் மாதத்தில் சீட்டு எடுப்பவர் ஒருவர்தான். மற்றப் பதினொரு பேருக்கும் பணம் வேறு மாதங்களில் கிடைத்து, வேறு தேவைகளில் கரைந்துவிடும். எல்லோருக்கும் அந்த ஒரு மாதமே வேண்டும் என்பதால் மனக்கசப்பும் வரும். முதலில் எடுத்தவர் இடையில் கட்டாமல் விட்டால் கடைசியில் இருப்பவர் பாதிக்கப்படுவார். ஏலச் சீட்டில் கழிவு என்ற பெயரில் விட்டுக்கொடுக்கும் தொகை மார்க்க ரீதியாகச் சரியா என்ற கேள்வியும் உண்டு. அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

பண்டிகைக்குத் தேவை, எல்லோரும் சேர்ந்து சேமித்து, எல்லோரும் ஒரே நாளில் பிரித்தெடுக்கும் முறை.

நைஜர் பெண்களின் மூன்று பூட்டுப் பெட்டி

இம்முறைக்கு உலகறிந்த முன்மாதிரி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்கு ஆபிரிக்க நாடான நைஜரில் உண்டு. 1991 இல் அங்கு மராடிப் பிரதேசத்தில் கெயார் நிறுவனம் கிராமப் பெண்களின் சேமிப்புக் குழுக்களை ஆரம்பித்து வைத்தது. நிறுவனம் பணம் கொடுக்கவில்லை, முறையை மட்டுமே கற்றுக்கொடுத்தது. ஹௌஸா மொழியில் 'மாத்தா மாசு துபாரா' என்று பெயர் பெற்ற இக்குழுக்களின் முறை பின்னர் ஆபிரிக்காவையும் கடந்து பரவி, பல இலட்சம் பேர் பின்பற்றும் ஒன்றாக ஆகிவிட்டது.

அதன் ஒழுங்கு மிக எளிமையானது. உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடுவார்கள். எல்லோரும் பார்த்திருக்கப் பணம் எண்ணப்பட்டு ஒரு பெட்டியில் வைக்கப்படும். பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு பெண்களிடம் இருக்கும். ஆகவே எவரும் தனியாகத் திறக்க முடியாது. வருட முடிவில் குறித்த நாளில் பெட்டி திறக்கப்பட்டு, அவரவர் பங்கு அவரவருக்குக் கொடுக்கப்படும். அந்த நாளைப் பல குழுக்கள் பண்டிகை போன்ற செலவுக் காலத்துக்கு முன்பாகவே வைத்துக்கொள்கின்றன. பின்னர் கணக்குப் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். வருடத்துக்கு ஒரு முறை முழுக் கணக்கும் தீர்ந்துவிடுவதால் மோசடிக்கும் சந்தேகத்துக்கும் இடம் குறைவு.

நமக்கும் இது அந்நியமானதல்ல. 1906 இல் தெல்தெனியவில் தொடங்கிய சிக்கன, கடனுதவிக் கூட்டுறவு இயக்கம் 1978 இன் பின்னர் பி. ஏ. கிரிவந்தெனியவின் முயற்சியால் சணச என்ற பெயரில் புத்துயிர் பெற்றது. சிறுதொகைகள் சேர்ந்து பெருந்தொகையாகும் என்பதை இலங்கைக் கிராமங்கள் அறிந்தே இருக்கின்றன.

ஏன் நாற்பத்தெட்டு வாரம்?

இங்குதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது. எனவே பெருநாள் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாட்கள் முந்தி வருகிறது. 2024 இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வந்தது. 2025 இல் அது மார்ச் இறுதிக்கு நகர்ந்தது. 2030 இல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் றமழான் தொடங்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று 12 மாதச் சேமிப்பு வைத்தால், மூன்று வருடங்களில் ஒரு மாதம் பின்தங்கிவிடுவீர்கள்.

ஆகவே மாதத்தை விட்டு வாரத்தை எண்ணுங்கள். பெருநாள் முடிந்த அடுத்த வாரம் தொடங்கி 48 வாரங்கள் சேர்த்தால் 336 நாட்கள். மீதி ஏறத்தாழ இரண்டரை வாரம். அது பணத்தைப் பிரிப்பதற்கும், விலை விசாரித்துப் பொருள் வாங்குவதற்கும், தையல் வேலைக்கும் போதுமான அவகாசம்.

சங்கத்தில் தமிழ்ச் சகோதரிகளும் இருந்தால் தீபாவளிக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 இல் ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20, 2026 இல் நவம்பர் 8 எனத் தீபாவளியும் இடம் மாறுகிறது. முதல் இடைவெளி 354 நாட்கள், அடுத்தது 384 நாட்கள். எந்த வருடமானாலும் 48 வாரம் அதற்குள் அடங்கிவிடும். ஒரே சங்கத்தில் பெருநாள் குழு, தீபாவளிக் குழு, புத்தாண்டுக் குழு எனத் தனித்தனிக் கொப்பிகள் வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பண்டிகைக்கு மற்றவர் கைகொடுக்க இதுவும் ஒரு வழி.

சேமிப்பிலிருந்து வியாபாரத்துக்கு

இருபது பேர் வாரம் 250 ரூபா வீதம் சேமித்தால் 48 வாரங்களில் 240,000 ரூபா சேரும். ஒரு பெண் 12,000 ரூபாவுடன் கடைக்குப் போவதற்கும், இருபது பெண்கள் ஒரே பட்டியலுடன் 240,000 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. சீனி, மா, அரிசி, எண்ணெய் ஆகியவற்றை மூட்டையாகவும் பெட்டியாகவும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் உள்ள இடைவெளி அவர்களுக்கே மிஞ்சும்.

அடுத்த படி, பண்டிகையில் செலவழிப்பவராக மட்டுமன்றிச் சம்பாதிப்பவராகவும் மாறுவது. முறுக்கு, தொதல், கேக் போன்றவற்றுக்கு எல்லாச் சமூகத்தவரின் பண்டிகையிலும் கேள்வி உண்டு. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் சங்கங்கள் இங்கு ஒரு பிழை விடுகின்றன. தமது உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கும் ஓர் உதாரணம். நூறு பைக்கற் முறுக்குக்குப் பொருட்கள் 12,000, எரிவாயு 1,500, உறையும் சுட்டுத்துண்டும் 1,500, போக்குவரத்து 1,000, ஆக 16,000 ரூபா செலவு என்று கொள்வோம். பைக்கற் 200 ரூபா வீதம் விற்றால் 20,000 கிடைக்கும். "4,000 இலாபம்" என்று மகிழ்வார்கள். ஆனால் நான்கு பெண்கள் இரண்டு நாட்கள் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். எட்டு ஆள்நாட்களுக்கு 4,000 என்றால் ஒரு நாளைக்கு 500 ரூபாதான். அவர்கள் இலாபம் பெறவில்லை, குறைந்த கூலிக்கு வேலை செய்திருக்கிறார்கள். நாளுக்கு 1,350 வீதம் கூலியையும் சேர்த்தால் அடக்கவிலை 26,800. அதாவது பைக்கற் 268 ரூபா. 300 ரூபாவுக்கு விற்றால்தான் கூலியும் போக 3,200 ரூபா சங்கத்துக்கு மிஞ்சும். அந்த விலைக்கு விற்க முடியாவிட்டால் வேறு பண்டத்தைத் தெரிவு செய்வதே புத்தி.

இன்னும் சில நடைமுறைகள். ஓடர் கொப்பி ஒன்று வைத்து, அரைவாசிப் பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். முறுக்கு போன்று நாட்பட இருப்பவற்றை இரண்டு வாரம் முன்னரும், வட்டிலப்பம் போன்று கெடுபவற்றைப் பெருநாளுக்கு முதல் நாளும் தயாரியுங்கள். பொதி செய்து கடைகளுக்குக் கொடுப்பதானால் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் சுட்டுத்துண்டுக்கு விதிகள் உண்டு. தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறை, விலை, தயாரிப்பாளர் விபரம் ஆகியன இருக்க வேண்டும். பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பயப்படாமல் சந்தித்து ஆலோசனை பெறுங்கள். பிறகு வந்து பிடிப்பதைவிட முதலில் கேட்பது மேல்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கடன் கொப்பி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நமது வர்த்தகர் சிலருக்கு உண்டு. ஆனால் பண்டிகைக் கடன் திரும்பி வர மாதங்கள் செல்கின்றன. அதுவரை உங்கள் முதல் முடங்கிக் கிடக்கிறது. கொழும்பில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்கோ தவணை வந்துவிடுகிறது. மாதர் சங்கம் இரண்டு வாரம் முன்னதாகப் பட்டியல் கொடுத்து, காசுக்கு வாங்குமானால், எவ்வளவு சரக்கு எடுப்பது என்பது உங்களுக்கு முன்னரே தெரியும். மிஞ்சிப்போகும் சரக்கும் இராது. அதற்குப் பிரதியாக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நட்டமல்ல. சங்கங்களும் இரண்டு மூன்று கடைகளில் விலைப்பட்டியல் கேட்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தீர்மானிக்கட்டும். தலைவியின் உறவினர் கடை என்பதற்காக மட்டும் வாங்கக்கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, பணம் யாரிடம் இருக்கிறது என்பது. பிரித்தானியாவில் பெயார்பாக் என்ற நிறுவனம் நத்தார் சேமிப்பு நடத்திவந்தது. சிறுவருமானக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், வருடம் முழுவதும் அதில் பணம் கட்டினார்கள். 2006 ஒக்டோபரில், நத்தாருக்கு இரண்டு மாதம் இருக்கையில், அது முறிந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 3 கோடி 70 இலட்சம் பவுண் சிக்கிக்கொண்டது. சட்டமும் வங்கிகளும் நிறைந்த நாட்டிலேயே இதுதான் நிலைமை. எனவே வெளியாள் ஒருவரிடமோ பதிவில்லாத நிறுவனத்திடமோ பண்டிகைப் பணத்தை ஒப்படைக்காதீர்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, குறைந்தது இருவர் கையொப்பமிட்டால்தான் மீளப்பெறலாம் என்று வையுங்கள். வட்டியற்ற கணக்கு வேண்டுமானால் அதையும் கேட்டுப் பெறலாம். சங்கக் கொப்பிக்கு மேலதிகமாக ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு சிறு கைப்புத்தகம் இருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுங்கள். எண்ணிப் பார்க்க அதுவே போதும்.

இரண்டாவது, விலைவாசி. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் அதைவிடவும் அதிகம். அப்படிப்பட்ட வருடத்தில் காசாகச் சேர்த்து வைத்தவர் வருட முடிவில் அரைவாசிச் சாமானுடன் திரும்ப நேரிடும். விலை வேகமாக ஏறுவது தெரிந்தால், சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே துணியாகவோ கெடாத பொருளாகவோ மாற்றிக்கொள்ளக் கூட்டத்தில் தீர்மானிக்கலாம். இந்த அதிகாரத்தை முதற் கூட்டத்திலேயே விதியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு இன்னுமொன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்துக்கு ஏற்படுத்திய அழிவை நாம் மறக்கவில்லை. அவ்வாறான வேளையில் பண்டிகைச் சேமிப்பில் கைவைத்தால் எல்லோருக்கும் இழப்பு. கைவைக்காவிட்டால் மனச்சாட்சி உறுத்தும். ஆகவே வாரம் 20 ரூபா வீதம் தனியான ஆபத்து நிதி ஒன்றைச் சேருங்கள். இருபது பேருக்கு 48 வாரத்தில் 19,200 ரூபா சேரும். நோயோ மரணமோ மண்சரிவோ வந்தால் முதல் உதவி அதிலிருந்து போகட்டும். திருப்பிக் கொடுக்கக் கூடியவருக்கு வட்டியில்லாக் கடனாகவும் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் கட்டடமோ பெரிய பதவிகளோ தேவையில்லை. ஒருவரையொருவர் அறிந்த பதினைந்து இருபது பெண்கள், ஒரு கொப்பி, ஒரு வங்கிக் கணக்கு, வாரத்தில் அரை மணித்தியாலம் போதும். ஏற்கனவே மாதர் சங்கம் இருக்குமிடத்தில் அதன் கீழேயே தொடங்கலாம். இல்லாத இடத்தில் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எந்தப் பண்டிகை முடிந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கும். கடைத்தெருவில் நெரிசல் இராது. வீட்டில் பலகாரம் தீர்ந்திருக்கும், கையில் காசு குறைவாக இருக்கும். கடனின் கசப்பு நாக்கில் இருக்கும் அந்த நாள்தான் முதற் கூட்டத்துக்கு மிகப் பொருத்தமான நாள். அன்று 250 இல்லையென்றால் 50 ரூபாவுடன் கூடுங்கள். நாற்பத்தெட்டு வாரங்களின் பின்னர் அதே கடைத்தெருவுக்கு நீங்கள் மீண்டும் போவீர்கள். அப்போது முதலாளி கடன் கொப்பியைத் திறக்கத் தேவையிருக்காது.